கோடை முன்னறிவிப்பில் இரவைத் தேடுங்கள்

கோடைக்கு முன்னால் வெளியாகும் பருவ முன்னறிவிப்பைப் பல வருஷமாக விடாமல் பார்த்து வருகிறேன். ஆனால் பார்த்த விதம்தான் தப்பு. பகல் அதிகபட்ச வெப்பநிலை வரைபடத்தை மட்டும் திறப்பேன். கடலிலிருந்து இருநூறு முந்நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற பகுதியெல்லாம் அடர் சிவப்பில் இருக்கும், நான் வசிக்கிற கடலோரம் வெளிறிய மஞ்சளில் இருக்கும், சில வருஷம் நிறமே இல்லாமல் வெள்ளையாகக்கூட இருக்கும். பரவாயில்லை, நமக்கு இந்தத் தடவை பெரிய சிரமம் இருக்காது, உள்ளே இருக்கிறவர்கள்தான் பாவம் என்று நினைத்துக்கொண்டு மூடிவிடுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அப்படி மூடிவைத்த ஒரு கோடையில்தான் அம்மாவை அதிகாலையில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்றைக்குப் பகலில் 34 டிகிரிதான். வெப்ப அலை எச்சரிக்கை எதுவும் கிடையாது. இரவு மூன்று மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்து, "காத்தே இல்லப்பா, மூச்சு முட்டுற மாதிரி இருக்கு" என்றார். புடவை முழுக்க நனைந்திருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் வியர்வை ஆறவே இல்லை. கொஞ்ச நேரத்தில் பேச்சு குழற ஆரம்பித்தது. மருத்துவர் பார்த்துவிட்டு முதலில் கேட்டது பகல் வெயிலைப் பற்றி இல்லை. "எத்தனை நாளா ராத்திரி தூங்கலை?" என்றுதான் கேட்டார். மூன்று நாள். அந்த மூன்று இரவும் வெப்பநிலை 29 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்று அப்புறம்தான் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அம்மா நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். அதிலிருந்து எந்த முன்னறிவிப்பை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இரவைத்தான்.

நம் மொழியிலேயே இதற்கு இரண்டு சொல் இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. வெயில் வேறு, புழுக்கம் வேறு. வெயில் சுடும், நிழலுக்குப் போனால் விட்டுவிடும். புழுக்கம் நிழலிலும் விடாது, இரவிலும் விடாது, வீட்டுக்குள்ளேயே கூட வந்து உட்கார்ந்துகொள்ளும். வரைபடத்தில் சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் வெயில். கடலோரத்தில் நாம் அனுபவிப்பது புழுக்கம். இரண்டையும் ஒரே எண்ணால் அளக்கப் பார்ப்பதில்தான் கோளாறே இருக்கிறது.

கணக்கு போட்டுப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். உள்நாட்டில் ஓர் ஊரில் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கடலோர ஊரில் 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். ஏழு டிகிரி வித்தியாசம், யாரைக் கேட்டாலும் முதல் ஊர்தான் கொடுமை என்பார்கள். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்து உடம்புக்கு எவ்வளவு சூடாகத் தெரியும் என்று சொல்கிற வெப்பக் குறியீடு ஒன்று உண்டு, ராபர்ட் ஸ்டெட்மன் என்ற ஆய்வாளர் 1979-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்தது. அதில் போட்டால், 42 டிகிரி ஊர் உடலுக்கு 42 டிகிரியாகவே தெரிகிறது, 35 டிகிரி ஊரோ 45 டிகிரியாகத் தெரிகிறது. அதுவும் நிழலில், லேசாகக் காற்று வீசும்போது. நேர் வெயிலில் நின்றால் அதற்கு மேல் 8 டிகிரி வரை கூடலாம்.

காரணம் வியர்வை. உடம்பு சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, பழைய குண்டு பல்பு ஒன்று உள்ளே எரிகிற மாதிரி. அந்த வெப்பம் வெளியே போயாக வேண்டும். சுற்றியுள்ள காற்று தோலின் வெப்பநிலையான 35 டிகிரியை நெருங்கிவிட்டால் வெப்பம் தானாக வெளியேறாது, வியர்வை ஆவியானால்தான் உண்டு. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். இங்கே கவனிக்க வேண்டியது, வியர்த்தால் போதாது, ஆவியாக வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிற வியர்வையால் உடம்புக்குக் குளிர்ச்சி இல்லை, நீரும் உப்பும் போனதுதான் மிச்சம். அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் அது காட்டுவதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். நனைந்த உடம்பு காற்றில் எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதை அது சொல்கிறது. மேலே சொன்ன 42 டிகிரி ஊரில் அது 24 டிகிரி அளவில் இருக்கும், 35 டிகிரி கடலோரத்தில் 28-ஐத் தாண்டியிருக்கும். ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் மனித உடம்பால் வெப்பத்தை வெளியேற்றவே முடியாது என்று ஷெர்வுட், ஹியூபர் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் எழுதினார்கள். நிழலில், மின்விசிறிக்குக் கீழே, கை நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாலும் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. ஆனால் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் செய்து 2022-இல் வெளியிட்ட சோதனையில், ஈரமான சூழலில் 31 டிகிரிக்குப் பக்கத்திலேயே உடலின் உள்வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏற ஆரம்பித்துவிட்டது. இளைஞர்களுக்கே இப்படி என்றால் எழுபது வயதைத் தாண்டியவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வயதானால் வியர்ப்பதும் குறையும், தாகம் தெரிவதும் குறையும்.

சரி, இதில் இரவு எங்கே வருகிறது? அதற்குப் பனிப்புள்ளி என்ற ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி பனித்துளியாக மாறத் தொடங்குமோ, அதுதான் பனிப்புள்ளி. நான் ஈரப்பத சதவீதத்தைவிட இதைத்தான் நம்புகிறேன், ஏனென்றால் சதவீதம் ஆளை ஏமாற்றும். காலையில் 27 டிகிரியில் 95 சதவீதம் என்று காட்டும், பிற்பகலில் 35 டிகிரியில் 60 சதவீதம் என்று காட்டும், ஈரம் குறைந்துவிட்டது என்று நாம் நினைப்போம். உண்மையில் இரண்டு நேரத்திலும் பனிப்புள்ளி 26 டிகிரிதான், காற்றிலிருக்கும் நீராவியும் ஏறத்தாழ அதேதான். காற்று சூடானதால் அதன் கொள்ளளவு பெருகிவிட்டது, அவ்வளவுதான். பனிப்புள்ளி 15 டிகிரியில் இருந்தால் உடம்புக்குச் சுகம், 20-ஐத் தாண்டினால் பிசுபிசுக்கும், 24-க்கு மேல் போனால் கசகசவென்று இருப்பு கொள்ளாது, 26, 27 என்று போகும்போது சும்மா உட்கார்ந்திருப்பதே ஒரு வேலையாகிவிடும்.

பனிப்புள்ளிக்கு இன்னொரு குணம் உண்டு, எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். இரவு எவ்வளவு குளிர முடியும் என்பதற்கு அது ஒரு தரை மாதிரி. சூரியன் மறைந்ததும் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு அனுப்பிக் குளிர்கிறது. காற்று பனிப்புள்ளி வரை குளிர்ந்ததும் நீராவி நீராக மாறத் தொடங்கும், மாறும்போது தன்னிடம் மறைந்திருந்த வெப்பத்தை வெளியே விடும். அதனால் அதற்குக் கீழே வெப்பநிலை இறங்குவது ரொம்பவும் சிரமம். போதாக்குறைக்கு, நீராவியே ஒரு பசுங்குடில் வாயு. ஈரமான காற்று நிலத்திலிருந்து கிளம்புகிற வெப்பத்தை மேலே போக விடாமல் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. பாலைவனத்தில் பகலில் 45 டிகிரி இருந்தாலும் இரவில் 20-ஐத் தொட்டுவிடும். கடலோரத்தில் பனிப்புள்ளி 27-இல் நின்றுகொண்டிருந்தால், விடியும்வரை காத்திருந்தாலும் வெப்பநிலை 27-க்குக் கீழே போவது அபூர்வம். உடம்பு பகலில் வாங்கிய சூட்டை இறக்கிவைக்க இடமே கிடைக்காது. ஓர் இரவு என்றால் தாங்கிவிடலாம். தொடர்ந்து மூன்று, நான்கு இரவு என்று போகும்போதுதான் இதயமும் சிறுநீரகமும் சோர்ந்து விழுகின்றன.

அந்தப் பனிப்புள்ளியைத் தீர்மானிப்பது யார்? கடல். திறந்த கடல்மேல் இருக்கும் காற்றின் பனிப்புள்ளி வழக்கமாகக் கடல்நீரின் வெப்பநிலையைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாக இருக்கும். கடல் 28 டிகிரியில் இருந்தால் காற்று 24, 25 டிகிரிப் பனிப்புள்ளியோடு கரைக்கு வரும். கடல் 31-ஐத் தொட்டால் அதுவே 27 ஆகிவிடும். ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல் விதி. பாரசீக வளைகுடாவின் சராசரி ஆழம் 50 மீட்டருக்கும் குறைவு, கோடையில் அதன் நீர் குளியல் தொட்டி மாதிரி சூடாகிவிடும். அதன் கரையில், சவுதி அரேபியாவில் இருக்கிற தஹ்ரானில் 2003 ஜூலை 8-ஆம் தேதி பனிப்புள்ளி 35 டிகிரி என்று பதிவானது. அந்த நேரத்தில் காற்றின் வெப்பநிலை 42, வெப்பக் குறியீடு 80 டிகிரிக்கும் மேல். 2020-இல் வந்த ஓர் ஆய்வு, உலகெங்கும் உள்ள வானிலை நிலையங்களின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, ஈரக்குமிழ் அளவு ஆபத்தான உச்சத்துக்குப் போகிற தருணங்கள் 1979-இலிருந்து இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிட்டன என்று காட்டியது. அவற்றில் பல வெப்பமான கடல்களை ஒட்டிய கரைகளில் நடந்தவை.

ஆகவே பருவ முன்னறிவிப்பு வந்ததும் நான் முதலில் திறப்பது நிலத்தின் வரைபடத்தை அல்ல, கரையை ஒட்டிய கடல் வெப்பநிலை வரைபடத்தை. இதில் ஒரு வசதியும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஓரளவு நம்பிச் சொல்லக்கூடிய விஷயம் என்று ஏதாவது இருந்தால் அது கடல்தான். நாளை மறுநாளின் மழை, காற்று இவற்றை நாள் வாரியாகச் சொல்வதற்குச் சுமார் இரண்டு வாரம்தான் எல்லை, ஆரம்ப நிலையில் இருக்கிற சின்னப் பிசகுகூட பெருத்துப் பெருத்துக் கணிப்பையே விழுங்கிவிடும் என்பதை வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லோரென்ஸ் 1963-லிருந்து தன் ஆய்வுகளில் எடுத்துக்காட்டினார். கடல் அப்படியில்லை, அது மெதுவாகத்தான் மாறும். தலைக்கு மேலே இருக்கிற மொத்த வளிமண்டலமும் பிடித்து வைத்திருக்கிற அளவு வெப்பத்தைக் கடலின் மேல் மூன்று மீட்டர் தண்ணீரே பிடித்து வைத்துக்கொள்ளும். இன்று சூடாக இருக்கிற கடல் அடுத்த மாதமும் பெரும்பாலும் சூடாகவே இருக்கும். அந்த நினைவாற்றலின் மேல்தான் பருவ முன்னறிவிப்பே நிற்கிறது.

எல் நினோவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிட அரை டிகிரிக்கு மேல் சூடாகி, மாதக்கணக்கில் அப்படியே நின்றால் எல் நினோ. இந்தியாவில் வானிலைத் துறையின் தலைவராக 1904 முதல் 1924 வரை இருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடப் போய், உலகின் ஒரு முனையில் காற்றழுத்தம் ஏறினால் இன்னொரு முனையில் இறங்குகிற ஊசலாட்டத்தைக் கண்டுபிடித்தார். அதுவும் எல் நினோவும் ஒரே கயிற்றின் இரு நுனிகள் என்பது 1960-களில்தான் விளங்கியது. கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இதில் முக்கியமான விஷயம் ஒரு தாமதம். எல் நினோ பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி உச்சம் தொடும். ஆனால் வெப்பமண்டலக் கடல்கள் மொத்தமாகச் சூடேறி நிற்பது அதற்குச் சில மாதம் கழித்து. 1998, 2016, 2024 மூன்றும் எல் நினோ உச்சம் தொட்ட பிறகு வந்த வருஷங்கள், மூன்றுமே வந்தபோது அதுவரை பதிவானதில் மிக வெப்பமான வருஷங்களாக இருந்தன. அதனால் எல் நினோ தணிந்துவிட்டது என்ற செய்தியைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள், கடல் அந்தச் செய்தியைப் படிப்பதில்லை, அதற்குச் சூடு இறங்க இன்னும் நாள் ஆகும்.

மார்ச் முதல் மே வரையான மாதங்களில் எல் நினோவைப் பற்றிச் செய்கிற கணிப்பு வருஷத்திலேயே மிகவும் பலவீனமானது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பசிபிக் கடல் அந்த நேரத்தில்தான் பழைய நிலையிலிருந்து புதிய நிலைக்கு மாறும், எந்தப் பக்கம் சாயும் என்று சொல்வது கஷ்டம். பூமியின் வடபாதியில் கோடை முன்னறிவிப்பு வெளியாகிற காலமும் அதுவே. அதனால் முதல் முன்னறிவிப்போடு நிறுத்திக்கொள்ளாமல் ஒவ்வொரு மாதமும் வருகிற புதுப்பிப்பையும் நான் பார்த்துவிடுவேன். ஜூன் மாதக் கணிப்பு மார்ச் மாதக் கணிப்பைவிட நிறையவே தெளிவாக இருக்கும்.

வரைபடத்தில் இருக்கிற சதவீதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதைத் தப்பாகப் புரிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். "வழக்கத்தைவிட அதிக வெப்பத்துக்கு 60 சதவீத வாய்ப்பு" என்றால் வெப்பம் 60 சதவீதம் கூடும் என்று அர்த்தமில்லை. எவ்வளவு டிகிரி கூடும் என்றும் அது சொல்லவில்லை. கடந்த முப்பது வருஷக் கோடைகளை வெப்ப வரிசையில் அடுக்கி, குளிர்ந்தவை, நடுத்தரம், சூடானவை என்று மூன்று சம பங்காகப் பிரிப்பார்கள். எதுவுமே தெரியாத நிலையில் ஒவ்வொரு பங்குக்கும் 33 சதவீதம் வாய்ப்பு. கணினி மாதிரியை ஒரு தடவை ஓட்டாமல், ஆரம்ப நிலையைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல தடவை ஓட்டுவார்கள், ஐரோப்பிய நடுத்தரக் கால முன்னறிவிப்பு மையம் தன் பருவக் கணிப்புக்கு 51 தடவை ஓட்டுகிறது. அவற்றில் எத்தனை, சூடான பங்கில் போய் விழுகின்றன என்பதிலிருந்துதான் அந்த 60 வருகிறது. அப்படியானால் மீதி 40 சதவீத வாய்ப்பும் நிஜமானது. இதைப் படித்துவிட்டு, நடுத்தரமான கோடை வந்ததும் கணிப்பு பொய் என்று திட்டுவது நியாயமில்லை. பத்துத் தடவை 60 என்று சொல்லி ஆறு தடவை நடந்தால் அது நல்ல கணிப்பு.

அதைவிடப் பெரிய பொறி "வழக்கம்" என்ற சொல்லில் இருக்கிறது. இப்போது பெரும்பாலான மையங்கள் வழக்கம் என்று எடுத்துக்கொள்வது 1991 முதல் 2020 வரையான முப்பது வருஷ சராசரி. அதற்கு முன்னால் 1981 முதல் 2010 வரை. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அளவுகோலே நகர்கிறது, அதுவும் சூடான பக்கமாக. எனவே வரைபடத்தில் வெள்ளையாகத் தெரிகிற பகுதி அம்மா சின்ன வயதில் பார்த்த கோடை இல்லை, கடந்த முப்பது வருஷமாக ஏறிக்கொண்டே வந்த கோடைகளின் சராசரி. நான் வெள்ளை நிறத்தைப் பார்த்து நிம்மதியாக மூடிவைத்தது இதனால்தான் இன்னும் உறுத்துகிறது. குறைந்தபட்ச வெப்பநிலைக்குத் தனி வரைபடம் இருக்கும், பல தடவை பகல் வரைபடம் வெளிறியும் இரவு வரைபடம் அடர்த்தியாகவும் இருக்கும். 1950-களிலிருந்து கணக்கெடுத்தால் உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளில் இரவுதான் பகலைவிட வேகமாகச் சூடேறியிருக்கிறது. அந்த இரண்டாவது வரைபடத்தை யாரும் பகிர்வதில்லை, செய்தியிலும் வருவதில்லை. தேடித்தான் எடுக்க வேண்டும்.

கடலோரத்துக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. பருவக் கணிப்பு மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன, ஒரு கட்டம் முப்பது நாற்பது கிலோமீட்டரிலிருந்து நூறு கிலோமீட்டர் வரை அகலம். கடலோரக் கட்டத்தில் பாதி கடல், பாதி நிலம். அந்தக் கட்டத்துக்கான எண் இரண்டையும் குழைத்து எடுத்த எண். கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருப்பவருக்கும் முப்பது கிலோமீட்டரில் இருப்பவருக்கும் அது ஒரே பதிலைத்தான் சொல்லும். ஆனால் இவர்கள் இரண்டு பேரின் பகலும் ஒன்றில்லை, ஏனென்றால் நடுவில் கடற்காற்று என்று ஒன்று இருக்கிறது.

கடற்காற்றைப் பற்றிக் கரையில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நிலம் சீக்கிரம் சூடாகும், அதன் மேலிருக்கும் காற்று மேலெழும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். முற்பகலிலேயே வந்துவிட்டால் வெப்பநிலை ஏறுவது அங்கேயே நின்றுவிடும். நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற பெருங்காற்று பலமாக இருந்தால் கடற்காற்று உள்ளே நுழைய முடியாமல் தவிக்கும், மூன்று மணி நான்கு மணி என்று தள்ளிப்போகும், சில நாள் வரவே வராது. அன்றைக்குத்தான் கரையிலும் அனல் அடிக்கும், 40-ஐத் தாண்டும். கடற்காற்று எப்போது வரும் என்று எந்தப் பருவ முன்னறிவிப்பும் சொல்லாது, அதற்கு அன்றன்றைக்கான முன்னறிவிப்பில் காற்றின் திசையைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் இதையும் சொல்லிவிடுகிறேன், கடற்காற்று வந்ததும் வெப்பமானி இறங்குவதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அது வரும்போது பனிப்புள்ளியையும் கூட்டிக்கொண்டுதான் வரும். வீசுகிறவரை சுகமாக இருக்கும், ஆவியாதலுக்குக் காற்றோட்டம் உதவும். மாலையில் அது ஓய்ந்து, நிலக்காற்று இன்னும் தொடங்காமல், மரத்தில் ஓர் இலைகூட அசையாத அந்த இடைப்பட்ட நேரத்தில்தான் இறுக்கம் என்றால் என்ன என்று தெரியும்.

மூன்று மாத சராசரி என்பது நிறைய விஷயத்தை மறைக்கும். அரை டிகிரிதான் கூடுதல் என்று வருகிற ஒரு கோடைக்குள் இரண்டு வாரம் மிக மோசமாக இருந்து, மீதி நாட்கள் மழையில் தணிந்திருக்கலாம். உடம்பைப் பாதிப்பது அந்த இரண்டு வாரம். அதற்கு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கான இடைக்கால முன்னறிவிப்பு உதவும். மேடன், ஜூலியன் என்ற இருவர் 1971-இல் கண்டுபிடித்த ஒரு மேகக் கூட்டம் வெப்பமண்டலத்தைக் கிழக்கு நோக்கி 30 முதல் 60 நாட்களில் சுற்றி வருகிறது. அது நம் பக்கம் வரும்போது மழையும் காற்றும் கிடைக்கும். தாண்டிப் போய்விட்டால் வானம் தெளிந்து, காற்று அடங்கி, புழுக்கம் கூடும். அது இப்போது எங்கே இருக்கிறது என்று பல வானிலை மையங்கள் தினமும் வெளியிடுகின்றன. நான் வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

வீட்டில் என்ன மாற்றினேன் என்றும் கேட்பீர்கள். வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றை அம்மாவின் அறையில் வைத்திருக்கிறேன். அதில் வருகிற இரண்டு எண்ணையும் பனிப்புள்ளியாக மாற்றி இரவு பத்து மணிக்கும், கண் விழித்தால் மூன்று மணிக்கும் நோட்டில் எழுதுகிறேன். தொடர்ந்து இரண்டு இரவு அறை 29-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் மூன்றாவது இரவுக்காகக் காத்திருப்பதில்லை, அம்மாவைக் குளிர்சாதனம் இருக்கிற அறைக்கு மாற்றிவிடுகிறேன், அவர் வேண்டாம் என்று மறுத்தாலும். குளிர்சாதனம் காற்றிலிருக்கும் ஈரத்தை வடிகட்டி வெளியேற்றும், நமக்கு வேண்டியது அதுதான். தண்ணீர் ஊற்றி வைக்கிற ஏர் கூலர் கடலோரத்தில் பெரிதாக உதவாது. ஏற்கெனவே நிரம்பியிருக்கிற காற்றில் அது இன்னும் ஈரத்தைச் சேர்க்கும், அறையை மூடிவைத்தால் நிலைமை மோசமாகும். மின்விசிறி மட்டும்தான் இருக்கிறது என்றாலும் மனம் தளர வேண்டாம். 40 டிகிரிக்குக் கீழே, ஈரமான சூழலில் அது நிஜமாகவே உதவும். கைகால்களையும் கழுத்தையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தால் இன்னும் நல்லது, வியர்வைக்குப் பதில் அந்தத் தண்ணீர் ஆவியாகும், உடம்பிலிருந்து நீரும் உப்பும் போவது குறையும்.

உடம்பு புழுக்கத்துக்குப் பழகுவதற்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். பழகிய பிறகு வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பும் குறைவாக இருக்கும். அதனால் பருவத்தின் முதல் வெப்ப வாரம்தான் பெரும்பாலும் ஆளை அடிக்கிறது, எண்ணளவில் அதைவிடச் சூடான பின்னாளைய வாரங்கள் அல்ல. வெயிலில் உழைக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் அந்த முதல் வாரத்தில் வேலையைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள், கெஞ்சியாவது சொல்லுங்கள். 1950-களில் அமெரிக்காவில் பாரிஸ் ஐலண்ட் என்ற கடலோரப் பயிற்சி முகாமில் படைவீரர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்தபோது, ஈரக்குமிழுக்கு 70 சதவீதம், நேரடி வெயில் சூட்டுக்கு 20 சதவீதம், சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10 சதவீதம் என்று எடைபோட்டு ஒரு புதிய அளவை உருவாக்கினார்கள். இன்றைக்கும் விளையாட்டு மைதானங்களிலும் தொழிற்கூடங்களிலும் அந்த அளவைத்தான் பயன்படுத்துகிறார்கள். நாம் தினமும் செய்தியில் கேட்கிற எண்ணுக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் மதிப்பு.

இரத்த அழுத்தத்துக்கோ மனநலத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் கோடைக்கு முன்னால் ஒரு தடவை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. சில மாத்திரைகள் உடலிலிருந்து நீரை வெளியேற்றும், சில வியர்ப்பதையே தடுக்கும். அம்மாவின் மாத்திரைகளில் ஒன்று அப்படிப்பட்டது என்பது எங்களுக்கு அந்த அதிகாலைக்குப் பிறகுதான் தெரியும். பேச்சு குழறினாலோ, சொல்வது புரியாமல் விழித்தாலோ அது வெறும் களைப்பு இல்லை. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நேற்றிரவு பத்து மணிக்கு அம்மாவின் அறையில் 30.5 டிகிரி, பனிப்புள்ளி 25. மூன்று மணிக்கு 29.2, பனிப்புள்ளி 25.5. முதல் இரவு. இன்று மாலை கடற்காற்று ஆறு மணிக்கே ஓய்ந்துவிட்டது, இலை அசையவில்லை. அம்மாவின் படுக்கையை இன்றைக்கே அந்த அறைக்கு மாற்றிவிட்டேன்.